செத்தவீட்டுக்குக் காசு வாங்காதவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதையால் என்று நினைத்துவிட வேண்டாம். மறைந்திருக்க வேண்டிய ஒரு பெயர் ஊர் உலகத்துக்குப் போனால் அது என்ன பாடு படும் என்பதைப் பார்த்தவள் நான். அந்தப் பாட்டை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் இருந்த யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ‘வீடியோ அண்ணை’ என்றால் போதும். மற்றவர்களுக்குப் பெயர் சொல்லியும் பயனில்லை.

கட்டையான மனிதர். வருடக்கணக்காகக் கமராவைச் சுமந்ததால் வலது தோள் சற்று இறங்கியிருக்கும். கமரா இல்லாமல் வந்தாலும் தோளில் அது இருக்கிற மாதிரித்தான் நடப்பார். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். கிழமை நாட்களில் பிளாக்டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறுகளில் கலியாணவீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா. ஆள் தூரத்தில் வரும்போதே பெண்கள் சேலை மடிப்பைச் சரிசெய்வார்கள்.

கலியாணவீட்டுக்கு அவர் கேட்கும் விலையைக் கேட்டால் மாப்பிள்ளைக்குத் தலை சுற்றும். பேரம் பேசவும் விடமாட்டார். என் கலியாணத்துக்கும் அவர்தான் படம் எடுத்தார். தேன்நிலவுக்குப் போவதற்காகக் காரில் ஏறி உட்கார்ந்திருந்த எங்களை நார்த்மீட் வீட்டு வாசலில் மறித்து, என் கணவரிடம் மீதிக் காசை வாங்கிய பிறகுதான் வழிவிட்டார். “குறை நினைக்காதையுங்கோ தம்பி, நீங்கள் சந்தோசமாப் போகேக்க நானும் சந்தோசமாப் போகவேணுமெல்லோ” என்று சொல்லிக் கையும் காட்டினார். என் கணவர் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஆனால் செத்தவீட்டுக்கு அவர் ஒரு சதமும் வாங்கியதில்லை. அதுதான் அவர். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். “செத்தவீட்டில காசு வாங்கிறவன் சுடலையில சோறு திண்டவன்” என்பார். காசு மட்டுமல்ல, அந்த வீட்டில் ஒரு பிளேன்ரீகூடக் குடிக்கமாட்டார். தண்ணீர்ப் போத்தலை வீட்டிலிருந்தே கொண்டுவருவார். ஒரு முறை ஒரு டொக்டர், தன் தாயின் செத்தவீட்டுக்குப் பிறகு அவருடைய சட்டைப்பையில் ஒரு என்வலப்பைத் திணித்துவிட்டார். அண்ணை அதைத் திறந்தும் பார்க்காமல் அந்த டொக்டரின் காரிலேயே எறிந்துவிட்டு வந்தார் என்று கதை. அந்தக் கதையை முதலில் பரப்பியவர் யார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால் அவரேதான்.

இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். செத்தவீட்டைப் படம் எடுப்பதா என்று வெள்ளைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். என்னோடு பல் வைத்தியரிடம் வேலை செய்த ஒருத்தி, “நீங்கள் அதைத் திரும்பப் பார்ப்பீர்களா?” என்று கேட்டுப் பயந்துவிட்டாள். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. தகப்பன் சிட்னியில் செத்துப்போவார், மகன் கொழும்பில் விசா இல்லாமல் நிற்பான், மகள் கனடாவில் அகதி வழக்கு முடியாமல் இருப்பாள், தங்கச்சி யாழ்ப்பாணத்தில் பாதை பூட்டியதால் அடைபட்டுக் கிடப்பாள். அவர்களுக்குக் கடைசியாக முகம் பார்க்கிற வழி அந்த வீடியோக் கசற் ஒன்றுதான்.

அந்த வேலையை அவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. கமராவைத் தூக்குவதற்கு முதல் வீட்டு ஆட்களிடம் வந்து, “ஆர் ஆர் வர ஏலாமல் இருக்கினம்?” என்று மெல்லிய குரலில் கேட்பார். கேட்டுவிட்டு அந்த ஒவ்வொருவருக்காகவும் ஒவ்வொன்றை எடுப்பார். “மகன் பாக்கிறதெண்டால் காலைக் காட்டவேணும் தங்கச்சி, அவன் கும்பிடுவான். மகளெண்டால் கையைக் காட்டவேணும். சகோதரி எண்டால் முகத்தை விட்டு அங்கால போகக்கூடாது.” இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் படித்திருக்க முடியாது. கனடாவுக்கு அனுப்பும் கசற் இங்கத்தைய முறையில் அங்கே ஓடாது, மாற்ற வேண்டும். அதற்கென்று ஒரு மெஷின் வாங்கி வைத்திருந்தார். அந்த மாற்றலுக்கும் காசில்லை.

தன் படத்தை யாராவது கேட்காமல் கொப்பி எடுத்தால் மட்டும் ஆள் வேறு. அவருடைய கலியாணக் கசற்றைப் போட்டால் முதலில் ஒரு தாமரை சுழன்று வரும். பிறகு மின்னல் வெட்டும். பிறகு ‘இதனைப் பிரதி செய்தல் சட்டப்படி குற்றம்’ என்று சிவப்பு எழுத்து. அதற்குப் பின்னால் ஓடுகிற பாட்டு, ஏதாவது சினிமாவிலிருந்து அவர் ஒருவரிடமும் கேட்காமல் எடுத்துப் போட்டதாக இருக்கும். “அண்ணை, இந்தப் பாட்டுக்காரனிட்டைக் கேட்டனீங்களோ?” என்று நான் ஒருநாள் பகிடியாகக் கேட்டேன். “பாட்டுக்காரன் இஞ்ச வந்து என்னோட சண்டை பிடிக்கட்டும், பாப்பம்” என்றார்.

பிளாக்டவுனில் மிளகாய்த்தூள், அப்பளம் விற்கிற ஒரு கடைக்காரர், இவர் எடுத்த கோயில் திருவிழாக் கசற்றைக் கொப்பி அடித்து வாடகைக்கு விட்டார். அண்ணை அந்தக் கடைக்குள் நின்று சத்தம் போட்டதை நான் நேரில் பார்த்தேன். தேங்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் என்ர கண்ணால பாத்ததை நீ எப்பிடி விக்கலாம்?”

கடைக்காரர் விடவில்லை. “தேரில வந்த சாமியை நீயோ செய்தனீ?”

“சாமியை நான் செய்யேல்லை. படத்தை நான் செய்தனான். சட்டம் தெரியாட்டி வாயை மூடிக்கொண்டு இரு.”

கடைக்காரர் வாயை மூடினார். நான் அண்ணையின் பக்கம் நின்று சிரித்தேன். உழைப்பு அவருடையது, அதை இன்னொருத்தன் விற்கிறதா என்று எனக்கும் கோபம் வந்தது. அவர் சொன்ன சட்டம் எந்தப் பக்கத்துக்கெல்லாம் வெட்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

என் அப்பா தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் செத்துப்போனார். மண்டபத்தில் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க வேண்டும். நெருப்புக் கொளுத்தினால் கூரையில் இருக்கிற அலாரம் அடிக்கும் என்று மண்டபக்காரர் சொன்னதால் பிள்ளைகள் கொளுத்தாத பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொள்ளி வைக்கிறதற்குப் பதில் எரியூட்டும் இயந்திரத்தின் பொத்தானை அமத்த வேண்டும். அதை அமத்த வேண்டியவன் என் தம்பி. அவன் வரவில்லை. என் கணவர் அமத்தினார்.

தம்பி ஏன் வரவில்லை என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. அவன் பள்ளிக்கூடம் முடிக்காமல் இயக்கத்துக்குப் போனவன். சில வருடங்களில் மனம் வெறுத்து விட்டுவிட்டு வந்தான். விட்டு வந்தவனுக்கு இயக்கம், இராணுவம் என்று இரண்டு பக்கமும் ஆபத்து. ஊரில் இருக்க முடியாமல் கொழும்புக்குப் போய், வேறு பெயரில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தப் பெயரிலேயே பிறகு கலியாணமும் செய்தான். மனைவிக்குக்கூடப் பழைய கதை தெரியாது. எங்கள் குடும்பத்தில் அவனுடைய புதுப்பெயரைத் தொலைபேசியில் சொல்வதே இல்லை.

என் அம்மா ஒப்பாரியில் பேர்போனவர். சிட்னியில் எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் மற்றப் பெண்கள் அம்மா தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மா தொடங்கினால் பிறகு ஒருவராலும் அடக்க முடியாது. அப்பாவின் பெட்டியில் தலையை வைத்து அம்மா அன்று சொன்னது முழுவதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூச்சுப் போகேக்கையும் மோன் எங்கை எண்டியளே
பேரை மாத்திப் பிழைக்கிறான் எண்டு பேசாமல் நிண்டேனே
துவக்கைப் போட்டு வந்தவனைத் தூக்கி அணைக்கேல்லையே
கொழும்புக் கடைக்குள்ளை கொள்ளிக்காரன் நிக்கிறானே

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அவனுடைய பள்ளிக்கூடப் பெயர், இயக்கத்தில் வைத்த பெயர், இப்போதைய பெயர் மூன்றையும் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். கடை இருக்கிற தெருவையும் சொன்னார். கடை நம்பர் ஒன்றுதான் மிச்சம். ஒப்பாரி வைக்கிறவளிடம் போய் வாயைப் பொத்து என்று சொல்ல முடியுமா? அவருக்கு வேறு எங்கே இதைச் சொல்ல இடம் இருந்தது? பத்து வருடமாக அடக்கி வைத்ததைச் செத்த புருசனுக்குச் சொல்லுகிறார். சுற்றி நின்றவர்கள் எங்கள் ஆட்கள். கேட்டார்கள், அழுதார்கள், போனார்கள்.

கமராவின் சிவப்பு வெளிச்சத்தை நான் அப்போதுதான் கண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவருடைய வீட்டுக்குப் போனேன். காரை வெளியே விட்டுவிட்டுக் கராஜ் முழுவதும் கசற்றால் நிரப்பி வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்கு முதலே கையை உயர்த்தினார்.

“நீங்கள் சொல்லத் தேவையில்லைத் தங்கச்சி. நான் அந்த இடத்தை வெட்டிப்போட்டன். இந்தா, பாருங்கோ.”

போட்டுக் காட்டினார். அம்மா பெட்டியில் தலை வைக்கிறார், ஒரு தாமரை மலர்கிறது, தேவாரம் ஒலிக்கிறது, பிறகு ஐயர் உரலில் சுண்ணம் இடிக்கிறார். ஊசி நுழைய இடமில்லாத வேலை.

“வெட்டினது எங்கை அண்ணை?”

“அது என்னோட. இந்தக் கராஜை விட்டு வெளியில போகாது. நான் எத்தினை குடும்பத்தின்ர கண்ணீரை வைச்சிருக்கிறன். ஒண்டாவது வெளியில வந்ததெண்டு கேள்விப்பட்டனீங்களோ?”

கேள்விப்படவில்லைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த கிழமை ஒரு நல்ல வேட்டியும் சால்வையும் வாங்கிக்கொண்டு போனேன். “இதுவும் காசுதான் தங்கச்சி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெட்டிய கசற் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனது. தம்பி பார்த்துவிட்டுப் போன் எடுத்துப் பேசினான். “அப்பான்ர காலைக் கனநேரம் காட்டியிருக்கினம் அக்கா. நான் டீவியைத் தொட்டுக் கும்பிட்டனான்” என்றான். அன்றைக்கு வீடியோ அண்ணையைக் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லியிருந்தாலும் நான் கும்பிட்டிருப்பேன்.

பிறகு காலம் மாறியது. எல்லோர் கையிலும் சின்னக் கமரா வந்துவிட்டது. கலியாணவீடுகளுக்குப் பெடியள் நாலு பேர் கறுப்பு உடுப்போடு வந்து, படுத்தும் பாய்ந்தும் எடுத்தார்கள். அண்ணையை ஒருவரும் கூப்பிடவில்லை. செத்தவீட்டுக்கு மட்டும் கூப்பிட்டார்கள், இலவசம்தானே. கலியாணவீட்டில் அவர் ஒரு மூலையில் கதிரையில் உட்கார்ந்து அந்தப் பெடியள் எடுப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதை நான் கண்டிருக்கிறேன். எனக்குப் பாவமாக இருக்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “உங்களை மாதிரி வருமே அண்ணை” என்று சொல்லுவேன். முகம் மலர்ந்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் மெல்பேணிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். புலம்பெயர்ந்த தமிழரின் வாழ்க்கையை இணையத்தில் சேர்த்து வைக்கப்போகிறோம் என்று மண்டபம் எடுத்து ஒரு விழா வைத்தார்கள். அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தி ‘ஆவணக் கலைஞர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். பேச்சாளர் ஒருவர், இவர் செத்தவீட்டுக்குக் காசு வாங்காததை அரைமணி நேரம் சொன்னார். நாங்கள் எழும்பி நின்று கைதட்டினோம். அம்மா என் காதுக்குள், “நல்ல மனுசன், ஒருத்தரிட்டையும் கை நீட்டாதது” என்றார். அந்தப் பொன்னாடைக்கு அவர் பதிலுக்கு என்ன கொடுத்தார் என்று மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது.

சில மாதம் போயிருக்கும். வேலையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகள் போன் எடுத்தாள்.

“அக்கா, சித்தப்பான்ர செத்தவீடு இன்ரநெற்றில ஓடுது. சித்தி அழுகிறது முழுக்க இருக்கு. இஞ்ச கோயிலிலயும் எல்லாரும் அதைத்தான் கதைக்கினம். தம்பியின்ர பேரெல்லாம் வருது அக்கா.”

வீட்டுக்கு ஓடி வந்து கணினியைத் திறந்தேன். ‘ஒரு தாயின் ஒப்பாரி’ என்று தலைப்பு. தாமரை இல்லை, தேவாரம் இல்லை. கராஜை விட்டு வெளியே போகாது என்று அவர் சொன்ன அந்தத் துண்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை. ஓரத்தில் காஞ்சிபுரம் சேலை மலிவு விற்பனை விளம்பரம். கீழே ஆட்கள் கருத்து எழுதியிருந்தார்கள். அருமையான குரல் என்று ஒருவர். இந்தக் கடை எனக்குத் தெரியும், அந்தத் தெருவில்தான் நான் முன்பு இருந்தேன் என்று இன்னொருவர்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு பிளாக்டவுனுக்குப் போனேன்.

அவர் கதவைத் திறந்தபோது சிரித்த முகம். “வாங்கோ தங்கச்சி, பாத்தனீங்களோ? உலகம் முழுக்க அம்மாவோட சேர்ந்து அழுகுது” என்றார். அது நடிப்பில்லை, அந்த மனிதர் உண்மையாகவே சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் கோபிக்கக்கூட வழியில்லாத சந்தோசம். நான் கோபித்தேன்.

“அண்ணை, வெட்டினதை ஏன் குடுத்தனீங்கள்? வெளியில போகாதெண்டு எனக்குச் சொன்னனீங்களெல்லோ!”

“தங்கச்சி, மிச்சப் படத்தில ஒண்டுமில்லை. உயிர் இருக்கிறதே அந்தத் துண்டிலதான். அவையள் எல்லாத்தையும் பாத்திட்டு இதுதான் முத்து எண்டு சொன்னவை. இது பழைய கதை. பத்துப் பன்னிரண்டு வருசமாச்சு. இப்ப ஆர் தேடப்போயினம்?”

“தேடுறவைக்குப் பழசு புதுசு இருக்கோ? அவன் அதே கடையில நிக்கிறான் அண்ணை! உடனே எடுக்கச் சொல்லுங்கோ.”

அவர் ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். “நான் எல்லா உரிமையையும் அவைக்கு எழுதிக் குடுத்திட்டன். கையெழுத்து வைச்சாச்சு. இனி அது அவையின்ர. நான் கேட்டும் எடுக்கமாட்டினம்.”

“எங்கட அம்மான்ர அழுகையை எழுதிக் குடுக்க நீங்கள் ஆர்?”

“நான் ஆரோ?” முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. “எடுத்தவன் நான். பனியிலயும் குளிரிலயும் வந்து தோள் முறிய எடுத்தவன் நான். கேளுங்கோ தங்கச்சி, இதுக்கும் நான் அவையிட்டை ஒரு சதம் வாங்கேல்லை. வேணுமெண்டால் கோயிலில வைச்சுச் சத்தியம் பண்ணுறன்.”

சத்தியம் பண்ணத் தேவையில்லை, அவர் வாங்கியிருக்கமாட்டார். அதுதான் என்னை எரித்தது. காசு தேவைப்பட்டு விற்றிருந்தால் ஏழைபாழை என்று மன்னித்திருப்பேன். ஒரு கைதட்டலுக்காகக் கொடுத்துவிட்டு, அதையும் தர்மம் என்று சொல்கிற மனிதரை என்ன செய்வது? அவருடைய மனைவி குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பரமற்றாவில் இலவசமாகச் சட்ட உதவி செய்கிற இடம் ஒன்று இருந்தது. அங்கே மலேசியத் தமிழ்ப்பிள்ளை ஒருத்தி வேலை செய்தாள். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஆன்ட்டி, அந்தப் படம் எடுக்க நீங்க காசு குடுத்தீங்களா?”

“இல்லைப் பிள்ளை. அவர் செத்தவீட்டுக்குக் காசு வாங்கமாட்டார்.”

“ஏதாவது பரிசு? துணிமணி?”

“குடுத்தனான். வேண்டாமெண்டு திருப்பித் தந்திட்டார்.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “காசு குடுத்து எடுக்கச் சொல்லியிருந்தா படம் உங்களோடது ஆன்ட்டி. அவர் எங்கயும் குடுத்திருக்க முடியாது. சும்மா எடுத்துக் குடுத்ததால அது அவரோடதுதான். அம்மா சொன்ன வார்த்தை அம்மாவோடதுன்னு வாதாடிப் பார்க்கலாம். ஆனா கேஸ் இழுத்துக்கிட்டே போகும், அதுவரைக்கும் படம் அங்கயேதான் இருக்கும்.”

“ஒருத்தற்றை அழுகையை எடுத்து ஊருக்குக் காட்டக்கூடாதெண்டு இந்த நாட்டில ஒரு சட்டமும் இல்லையோ?”

“நீங்க நினைக்கிற மாதிரி இல்ல ஆன்ட்டி” என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. “உங்க கல்யாண வீடியோ?”

“அதுக்குக் கடைசிச் சதம்வரை வாங்கினவர்.”

“அப்போ அது முழுசா உங்களோடது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு மினுங்க நான் தலையைக் குனிந்துகொண்டிருக்கிற அந்தக் கலியாணக் கசற் என்னுடையது. என் அம்மாவின் நெஞ்சு அவருடையது. பிளாக்டவுன் கடைக்குள் நின்று சட்டம் பேசியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா என்று வீட்டுக்கு வரும் வழி முழுவதும் யோசித்தேன். தெரிந்துதான் காசு வாங்காமல் விட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு கெட்டவர் அல்ல. ஆனால் மெல்பேண்காரர் பத்திரத்தை நீட்டியபோது தெரிந்திருக்கும். தெரிந்துதான் கையெழுத்து வைத்திருப்பார்.

நிறுவனத்துக்கு எழுதினேன். உரிமைக்கு ஆதாரம் அனுப்பும்படி ஆங்கிலத்தில் மரியாதையாகப் பதில் வந்தது. ஆபத்து என்று எழுதினேன். அதற்கும் அதே பதில். நாங்கள் மூன்று தலைமுறையாக ஒருவருக்கொருவர் செய்கிற உதவிக்கு ரசீது கேட்டு வாங்கிப் பழகவில்லை. செத்தவீட்டில் ஒருவர் காசு வேண்டாம் என்றால் கும்பிட்டு ஏற்றுக்கொள்வோம். அது இந்த நாட்டில் எங்கள் உரிமையை எங்கள் கையாலேயே எடுத்துக் கொடுக்கிற வேலை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

தம்பி கடைசியில் எடுத்தான். எங்கிருந்து என்று சொல்லவில்லை. பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

“கடைக்கு ஆக்கள் வந்து என்ர பழைய பேரைச் சொல்லிக் கேட்டிருக்கினம் அக்கா. நான் அண்டைக்கு வங்கிக்குப் போயிருந்தனான். திரும்பிப் போகேல்லை.”

“வீட்டில அவ?”

“அவ அந்தப் படத்தைப் பாத்திட்டா. எனக்குச் சொல்லாத பேர் உனக்கு இன்னும் எத்தினை இருக்கெண்டு கேட்டவ. தாய்வீட்டுக்குப் போட்டா.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “வெட்டினதெண்டு நீதானே சொன்னனீ அக்கா.”

“நான் கண்ணால பாத்தனான் அப்பு! எனக்கு வெட்டித்தான் காட்டினவர்.”

“உங்களுக்கு அங்க எல்லாம் படம்தான்” என்றான். “இனி நான் எடுக்கமாட்டன். நீங்களும் தேடாதேங்கோ. தேடினாலும் அதையும் ஆரேன் படம் எடுப்பினம்.”

அம்மா பக்கத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார், போனைத் தா என்று. நான் கொடுப்பதற்குள் அவன் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல் இல்லை. இருக்கிறானா என்பதும் தெரியாது. வீடியோதான் காரணம் என்று உங்களால் நிரூபிக்க முடியுமா என்று அண்ணையின் பக்கம் பேசுகிறவர்கள் என்னைக் கேட்பார்கள். முடியாது. அந்த நாட்டில் அந்த நேரம் ஆட்களைத் தேட ஆயிரம் வழி இருந்தது. ஆனால் பேரும் தெருவும் ஒன்றாகச் சொல்கிற ஒரு வழியை நாங்கள் போய்க் கொடுக்கவில்லை, அவர் கொடுத்தார்.

மெல்பேண் நிறுவனம் அதிக நாள் ஓடவில்லை, மூடிவிட்டார்கள். அதற்குள் அந்தத் துண்டை யார் யாரோ எடுத்து வேறு வேறு இடங்களில் போட்டுவிட்டார்கள். ஒருவன் பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்திருந்தான். யாரிடம் போய்க் கேட்பது? அண்ணையும் அதைப் பார்த்துக் கொதித்தாராம், தன் பெயரை வெட்டிவிட்டார்கள் என்று.

போர் முடிந்துவிட்டது என்று சொன்ன வருடம் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, செத்துப்போனார். அவருடைய பிள்ளைகள் வீடியோ அண்ணையைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கேட்டதற்கு, “அவர் சும்மா செய்யிறார், வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?” என்றார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கமராவோடு வந்திருந்தார். தோள் இன்னும் அப்படியே இறங்கித்தான் இருந்தது.

மண்டபத்தில் பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தார்கள். தம்பியைப் பறிகொடுத்த அக்கா, அதுவும் இந்த அம்மா, இவர்தானே தொடங்க வேண்டும். அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சத்தம் வரவில்லை. பெண்கள் காத்திருந்தார்கள். மாமி தொடங்கப் பார்த்து, அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தேவாரம் பாடுகிறவர் பாடி முடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

அண்ணை கமராவைக் கீழே இறக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“அம்மா, ஏன் இப்பிடிக் கல்லா இருக்கிறியள்? வாய் விட்டு அழுங்கோ. அழுதால்தானே ஆறும்.”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை. பக்கத்தில் இருந்த எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“நான் அழுதா அது உனக்கெல்லோ தம்பி சொந்தம்.”

அவர் நிமிர்ந்தார். பிறகு இரண்டடி பின்னால் போய்க் கமராவைத் தூக்கினார். அம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்து மாமியும் பொத்தினார், பிறகு மற்றப் பெண்களும். மாமாவை நாங்கள் ஒப்பாரி இல்லாமல் அனுப்பினோம்.